பிச்சைக் கூடை ஏந்திய தலைவி



பங்குச் சபைத் தெரிவு முடிந்த மறுவாரம் ஆலயத்திலே ஓரிரு இருக்கைகள் வெறுமையாக இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பல ஆண்டுகள் செயலாளராக ஓடியாடி உழைத்தவர், இம்முறை தமது பெயர் பட்டியலில் இல்லை என்றதும், அயற்பங்கிலே திருப்பலி காணத் தொடங்கிவிடுகிறார். அவரைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. வியர்வை சிந்தி வளர்த்த ஒன்றிலிருந்து அகற்றப்படுகின்றவரின் வலி மெய்யான வலியே. குருக்களாகிய எமக்கும் அது புதிதன்று. இடமாற்றக் கடிதம் கையில் கிடைக்கும் நாளில் எமது உள்ளத்தில் எழும் எண்ணங்களை ஆண்டவர் ஒருவரே அறிவார். அந்த வலியை ஒருநாள் இருநாள் அன்று, 36 ஆண்டுகள் சுமந்து, சுமந்தவாறே தமது பணியையும் செய்து முடித்த ஒரு பெண்மணியைப் பற்றி இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் ஜூகன். ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்னும் துறவற சபையைத் தோற்றுவித்தவர்.

பிரான்சு நாட்டின் வடமேற்கே, பிரிட்டனிப் பகுதியில், கன்கால் என்னும் மீனவ ஊரிலே 1792ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி அவர் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. ஆலயங்கள் அடைக்கப்பட்டிருந்தன; குருக்கள் ஒளிந்து வாழ்ந்தனர்; வீடுகளிலே பெண்களே இரகசியமாகச் சிறுவருக்கு மறைக்கல்வி புகட்டினர். ஜானுக்கு நான்கு வயது நிறையுமுன்னரே மீன்பிடிக்கச் சென்ற தந்தை கடலிலிருந்து திரும்பவில்லை. கரையில் காத்திருந்து காத்திருந்து கண்கள் பூத்துப்போன தாய்மாரை எமது கரையோர மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாய் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். ஜானும் ஏறத்தாழ 16 வயதிலே ஒரு பிரபுவின் இல்லத்தில் சமையற்கட்டுப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். அந்த வீட்டுச் சீமாட்டி ஏழைகளைச் சந்திக்கச் செல்லும்போது இந்தச் சிறுமியையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். ஏழையின் முகம் சுருங்காதவாறு உதவி செய்யும் முறையை ஜான் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

கப்பலில் பணிபுரிந்த இளைஞர் ஒருவர் அவரை மணமுடிக்க விரும்பினார். ஜான் உடன்படவில்லை. 1817ஆம் ஆண்டில், தம்மிடமிருந்த நல்ல உடைகளைச் சகோதரிகளுக்குக் கொடுத்துவிட்டு, சான் செர்வான் என்னும் துறைமுக நகருக்குச் சென்று ரொசே மருத்துவமனையிலே நோயாளரைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் உடல் தளர்ந்தது. பின்னர் லெக்கோக் என்னும் பக்தியுள்ள மாது ஒருவரின் வீட்டில் பணியாளாகவும், காலப்போக்கில் தோழியாகவும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். 1835இல் அம்மாது இறந்தபின், வயது முதிர்ந்த இன்னொரு தோழியுடன் சேர்ந்து வாடகைக்கு ஒரு சிறு வீட்டை எடுத்து, நூல் நூற்றும் துணி துவைத்தும் பிழைத்துவந்தார். விர்ஜினி என்ற அநாதைச் சிறுமி ஒருத்தியும் அவர்களோடு வந்து சேர்ந்தாள்.

47 வயது வரை அவருடைய வாழ்க்கை இவ்வளவுதான். ஊர் அறியாத ஒரு வேலைக்காரப் பெண்.

1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, பார்வையிழந்து, உடலின் ஒரு பாதி செயலிழந்து, கவனிப்பார் எவருமின்றிக் கிடந்த ஆன் ஷோவன் என்னும் மூதாட்டியை ஜான் தமது வீட்டுக்கு எடுத்து வந்தார். தமது கட்டிலில் மூதாட்டியைப் படுக்கவைத்துவிட்டு, தாம் கூரைக்குக் கீழிருந்த சிறு பரணிலே உறங்கினார். சிறிது காலத்தில் இரண்டாவது மூதாட்டி ஒருவர் வந்தார். எசமானர் நொடித்துப்போன பின்னரும் அவர்களைக் கைவிடாது, பிச்சையெடுத்தும் காப்பாற்றிய விசுவாசமுள்ள ஒரு பணிப்பெண் அவர். 1841இல் 12 பேருக்கு இடமுள்ள வீடு தேவைப்பட்டது. அடுத்த ஆண்டிலே பழைய கன்னியர் மடம் ஒன்றை வாங்கவேண்டியதாயிற்று. விர்ஜினியும் மரி ஜமே என்ற இளம்பெண்ணும் மதலேன் என்பவரும் துணைநின்றனர். 1842 மே 29ஆம் திகதி இவர்கள் கூடி ஜானைத் தலைவியாகத் தெரிந்தெடுத்தனர்.

உணவுக்கு வழி? அம்மூதாட்டியரிற் பலர் முன்பு வீதியிலே பிச்சையெடுத்து வாழ்ந்தவர்கள். அவர்கள் எந்தெந்த வீட்டிலே கையேந்தினார்களோ, அந்த வீடுகளின் விபரத்தை ஜான் அவர்களிடமே கேட்டறிந்துகொண்டார். இனி அவர்கள் போக வேண்டாம், அவர்களுக்காகத் தாம் போவதாகச் சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். மிஞ்சிய பாண் துண்டு, பழந்துணி, விறகு, காசு என எது கிடைத்தாலும் கூடைக்குள் விழுந்தது. சினங்கொண்ட ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைந்தாராம். அந்த அறை தமக்கு உரியது, இனித் தமது ஏழைகளுக்கு ஏதாவது தரும்படி ஜான் மெல்லக் கேட்டாராம். பரம்பரையாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி இது. பிச்சைக்குப் போவது அவருக்கு எளிதாக இருந்ததென்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனி மண்ணின் மீனவக் குடும்பங்கள் தன்மானம் மிகுந்தவை.

இனித்தான் நான் சொல்லவந்த பகுதிக்கு வருகிறேன். சான் செர்வான் பங்கின் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தவர் ஒகுஸ்து லு பையர். திறமையும் ஊக்கமும் மிக்க இளங்குரு. இந்தச் சிறு குழுவுக்கு ஆன்மீக வழிகாட்டியாக இருந்தார். ஆரம்பத்திலே நன்றாகவே உதவினார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1843 டிசம்பர் 8ஆம் திகதி சகோதரிகள் மீண்டும் ஜானையே தலைவியாகத் தெரிந்தெடுத்தனர். இரு வாரங்கள் கழித்து, டிசம்பர் 23ஆம் திகதி, அந்தத் தெரிவு செல்லாது என்று கூறி, லு பையர் அடிகள் 23 வயதேயான மரி ஜமேயைத் தலைவியாக நியமித்தார். மரி ஜமே அவர் சொற்படி நடப்பவர். ஜானுக்கு அப்போது வயது 51. கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு நாட்களே இருந்தன.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நகர மக்கள் அனைவரும் ஜானை அறிவர். கொடையாளர் அவர் முகத்துக்காகவே கொடுத்தனர். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும். இரண்டுபட்ட ஊரிலே கூடைக்குள் பாண் விழாது; மாடியில் படுத்திருந்த மூதாட்டியரே பட்டினி கிடந்திருப்பர். அவர் மௌனத்தின் காரணத்தை நான் இவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். அவர் வழமைபோலக் கூடையை எடுத்துக்கொண்டு வீதிக்கு இறங்கினார்.

பதவி இழந்த பின்னர்தான் அவருடைய பெரும்பணி நடைபெற்றது என்பதைக் கவனியுங்கள். 1845இல் பிரெஞ்சுக் கல்விக் கழகம், நற்செயலுக்கு வழங்கும் மொன்தியோன் பரிசை, 3,000 பிராங்குப் பணத்துடன், அவருக்கு அளித்தது. அந்தப் பணமும் முதியோருக்கே சென்றது. அடுத்த ஆண்டு ரென் நகரிலும் தினான் நகரிலும் அவர் இல்லங்களைத் திறந்தார். தூர் நகரத்து இல்லம் நிலைபெறவும் உதவினார். 1850இல் ஆன்ஜே நகருக்குச் சென்றார். முதியவர்கள் வெறும் பாணை உண்பதைக் கண்டு, வெண்ணெய் வேண்டும் என்று எழுதிய தாளொன்றைப் புனித சூசையப்பரின் சுரூபத்தடியில் வைத்ததும், வெண்ணெய் வந்து சேர்ந்ததும் அங்கே நடந்ததாகவே சொல்வர். எந்த இல்லம் கடனில் தள்ளாடுகிறதோ அங்கே ஜான் அனுப்பப்படுவார். சீர்செய்து முடித்ததும் அதன் தலைமை வேறொருவருக்குப் போகும். மக்களோ அச்சகோதரிகளை ‘ஜான் ஜூகன்கள்’ என்றே அழைத்தனர். அதிகாரம் ஓரிடத்திலும் தலைமை வேறோரிடத்திலும் இருந்ததை அந்த எளிய மக்கள் அறிந்திருந்தனர் போலும்.

1852இல் ரென் ஆயர் சபைக்கு அங்கீகாரம் அளித்தார். அதே ஆண்டிலே ஜான் தலைமை இல்லத்துக்கு அழைக்கப்பட்டு, கொடையாளர் எவருடனும் தொடர்பு வைத்தல் கூடாது என்று கட்டளையிடப்பட்டார். கூடையும் பறிபோயிற்று. 1856இல் லா தூர் என்ற இடத்துக்குத் தலைமை இல்லம் மாறியபோது அவரும் அங்கே சென்றார். இறக்கும்வரை, 27 ஆண்டுகள், பொறுப்பேதுமற்ற ஓர் அருட்சகோதரியாக, சிலுவையின் மரியா என்ற துறவறப் பெயருடன், நவகன்னியரோடு வாழ்ந்தார். இதற்கிடையே சபையின் வரலாறும் மாற்றி எழுதப்பட்டது. சபையைத் தோற்றுவித்தவர் லு பையர் அடிகள் என்றும், மரி ஜமேயும் விர்ஜினியுமே முதற் சகோதரிகள் என்றும், ஜான் பின்னர் வந்து சேர்ந்தவர் என்றும் இளையோருக்குக் கற்பிக்கப்பட்டது.

ஒரு குருவானவர் செய்த இந்தப் பொய்யை ஒரு குருவானவராகிய நான் எழுதும்போது கை கூசுகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணவனின் அடியைத் தாங்கும் மனைவியிடமோ, சம்பளம் மறுக்கப்பட்ட தொழிலாளியிடமோ சென்று, ஜான் ஜூகனைப்போல் வாய்மூடி இருங்கள் என்று எவரும் போதிக்கக் கூடாது. அநீதி அநீதியே. ஜானும் அதனை அநீதி என்றே அறிந்திருந்தார். தமது பணியை அவர் பறித்துக்கொண்டதை ஒரு தடவை லு பையர் அடிகளின் முகத்துக்கு நேரே சொல்லி, ஆயினும் மனமுவந்து விட்டுக்கொடுப்பதாகவும் கூறினார் எனச் சொல்லப்படுகிறது. ஒன்றும் அறியாத பேதையின் மௌனம் அன்று அது.

லா தூரிலே அவர் செய்தது என்ன? தண்டனையாக எங்கே வைக்கப்பட்டாரோ, அந்த இடம் எத்தகையது என்று பாருங்கள். ஆண்டுதோறும் வந்து சேரும் இளம் நவகன்னியர் அனைவரும் அங்கேதான் பயிற்சி பெற்றனர். கைத்தடியை ஊன்றியவாறு தோட்டத்திலே நடக்கும் அந்த முதிய சகோதரியோடு அவர்கள் உரையாடினர். முதியவர்களை எவ்வாறு தூக்குவது, எவ்வாறு கனிவாகப் பேசுவது, கதவடைக்கும் வீட்டிலே எவ்வாறு சிரித்த முகத்துடன் திரும்புவது என்பதையெல்லாம் அவரிடமிருந்து அறிந்துகொண்டு, பற்பல நாடுகளுக்குப் புறப்பட்டுச் சென்றனர். சபையைத் தொடங்கியவர் அவரே என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது. அவரை ஒதுக்கிவைக்க எண்ணியவர்கள், ஒரு தலைமுறை முழுவதையும் அவருடைய கையிலே ஒப்படைத்துவிட்டனர்!

1865இல் ஒரு சிக்கல் எழுந்தது. நிலையான வருமானம் தரும் சொத்துகளைச் சபை ஏற்கலாமா? ஏற்றுக்கொண்டால் நாளைய உணவைப் பற்றிய கவலை இல்லை. ஆலோசனைச் சபையினர் முடிவுக்கு வர இயலாது, ஒதுக்கிவைத்திருந்த ஜானையே வரவழைத்துக் கேட்டனர். அவர் தயங்கவில்லை. நிலையான வருமானம் வேண்டாம், இறைபராமரிப்பையும் மக்களின் ஈகையையும் நம்பியே வாழவேண்டும் என்றார். அவ்வாறே 1865 ஜூன் 19ஆம் திகதி தீர்மானிக்கப்பட்டது. அந்தப் பத்திரத்திலே அவருடைய கையொப்பமும் இருக்கிறது. 22 ஆண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்த ஒருவரின் பதிலிலே பழிதீர்க்கும் தொனி சிறிதும் இல்லை. மனக்கசப்பு அவருடைய அறிவை மங்கச்செய்யவில்லை.

1879 மார்ச் மாதம் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் சபையின் ஒழுங்குகளை அங்கீகரித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி ஜான் தமது 86ஆவது வயதில் அமைதியாக இறந்தார். அப்போது சபையில் ஏறத்தாழ 2,400 சகோதரிகளும் 177 இல்லங்களும் இருந்தன. செய்தித்தாள்கள் எதுவும் அலறவில்லை.

உண்மை மெல்ல மெல்ல வெளிவந்தது. திருப்பீடம் விசாரித்து, 1890இல் லு பையர் அடிகளைப் பொறுப்பிலிருந்து நீக்கி உரோமைக்கு அழைத்துக்கொண்டது. மரி ஜமே 1893இல் மரிப்பதற்கு முன், முதற் சகோதரி தாம் அல்லர் என்பதை ஒப்புக்கொண்டார். கீழ்ப்படிதலின் பெயரால் அரை நூற்றாண்டாக இப்பொய்யைச் சுமந்த அவருக்காகவும் நான் இரங்குகிறேன். 1982 ஒக்டோபர் 3ஆம் திகதி பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் ஜானை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2009 ஒக்டோபர் 11ஆம் திகதி, மொலொக்காய்த் தீவின் தொழுநோயாளரோடு வாழ்ந்து மரித்த தாமியான் அடிகளாருடன் ஒரே நாளிலே, பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

கொழும்பு மாநகருக்கும் இச்சகோதரிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள். எம் நாட்டின் எத்தனையோ முதியவர்கள் சாதி, மத, மொழி வேறுபாடின்றி அவர்கள் கைகளிலே கண்மூடியிருக்கிறார்கள். ஒருநாள் அவர்களில் இருவர் உங்கள் கடைவாசலில், அரிசியோ மரக்கறியோ கேட்டு வந்து நிற்கக்கூடும். 1865ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, பதவி எதுவுமற்ற ஒரு வயோதிப சகோதரி கூறிய ஆலோசனையின்படியே அவர்கள் வந்து நிற்கிறார்கள்.