மின்சுற்றை அச்சிட்ட அறிஞர்

1930ஆம் ஆண்டளவில் வானொலிப் பெட்டியொன்றைத் திறந்து பார்த்தவர்கள், அதனுள்ளே ஒரு கம்பிக் காட்டையே கண்டிருப்பர். மின்தடை, மின்தேக்கி, வால்வு முதலிய உறுப்புகள் தனித்தனிக் கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கம்பியையும் தொழிலாளர் கையால் வெட்டி, வளைத்து, ஈயப்பற்று வைத்துப் பொருத்தினர். ஓர் இணைப்புத் தவறினும் பெட்டி ஊமையாகிவிடும். இக்காட்டினை நீக்கி, மின்சாரத்திற்கு ஒழுங்கான பாதை அமைத்துத் தந்தவர் பால் ஐஸ்லர்.

இவர் 1907ஆம் ஆண்டு, ஆஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1930இல் அந்நகரிலேயே பொறியியற் பட்டம் பெற்றார். ஆயினும் யூதர் மீது வெறுப்பு வளர்ந்துவந்த காலம் அது. கற்ற கல்விக்கேற்ற வேலை அவருக்குக் கிட்டவில்லை. வானொலி பற்றிய இதழொன்றில் பணியாற்றினார். அங்கே அச்சுத் தொழிலின் நுட்பங்களைக் கற்றார். வேண்டாவெறுப்பாகச் செய்யாமல் விருப்போடு கற்ற அத்தொழிலே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

1936இல் ஐஸ்லர் லண்டன் மாநகருக்குச் சென்றார். சிறிய வாடகை அறையே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. ஒரு முறை கோத்த அச்சிலிருந்து ஆயிரம் படிகள் எடுக்கலாம். அவ்வாறே மின்கம்பிகளையும் ஏன் அச்சிடலாகாது என்று அவர் சிந்தித்தார். மின்சாரம் பாயாத பலகையொன்றின் மேல் மெல்லிய செப்புத் தகட்டை ஒட்டினார். கம்பிகள் செல்லவேண்டிய வழிகளை, அமிலத்தால் அழியாத மையினால் அதன் மேல் அச்சிட்டார். பின்னர் அப்பலகையை அமிலத்தில் இட்டால், மை படியாத செம்பு கரைந்துபோகும். மையின் கீழிருந்த செம்போ பாதையாக எஞ்சும். பலகையில் துளையிட்டு, உறுப்புகளின் கால்களை அவற்றினூடே செலுத்திப் பற்றுவைத்தால் மின்சுற்று முற்றுப்பெறும். இம்முறையில் அவர் ஒரு வானொலியையே அமைத்துக் காட்டினார்.

வானொலிக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்று அதனைப் பார்த்தும் ஏற்கவில்லை. பெண்கள் கையால் கம்பி பொருத்துவதே மலிவானது என்று அது கருதியது. அதன்பின் போர் மூண்டது. இட்லரின் கொடுமைக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த அவரையே, பகைநாட்டவர் எனக் கருதி 1940இல் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. மறு ஆண்டு விடுதலை பெற்ற ஐஸ்லர் தளர்ந்தாரில்லை. இசைக்குறிப்புகளை அச்சிடும் நிறுவனமொன்று அவருக்கு ஆதரவளித்தது. 1943இல் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார்.

போருக்குப் பின் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை உலகெங்கும் பரவியது. எனினும் அதன் பயனுக்கேற்ற பெருஞ்செல்வம் அவரை வந்தடையவில்லை. காப்புரிமை பற்றி நீதிமன்றங்களில் வழக்குகளும் எழுந்தன. அவரோ சோர்வின்றி வேறு பல ஆய்வுகளில் ஈடுபட்டார். 1992ஆம் ஆண்டு லண்டனில் காலமானார்.

இன்று கணினித் திரையில் தன் முதல் மின்சுற்றுப் பலகையை வரையும் மாணவன், உறுப்புகளை அடுக்கி, துளைகளுக்கு இடம் குறித்து, ஒரே பக்கத்தில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டாதபடி வழி தேடுகிறான். அவன் வரைவது அன்று ஐஸ்லர் மையினால் அச்சிட்ட அதே பாதையே. கற்ற தொழில் எதுவும் வீண்போவதில்லை என்பதையும், புறக்கணிப்பு முயற்சியுடையாரைத் தடுக்கவல்லதன்று என்பதையும் அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.