வைத்தியர் வகுத்த ஆடுகளம்

கோல்ப் ஆட்டக்களங்களை வகுத்துப் புகழ்பெற்ற அலிஸ்டர் மக்கென்ஸி, 1870-ம் ஆண்டு இங்கிலாந்து தேசத்து நார்மன்டனிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் பயின்று வைத்தியரானவர். போயர் யுத்தத்திற் படை வைத்தியராய்ச் சென்றவிடத்து, போயர் வீரர் நிலத்தோடு நிலமாய் மறைந்து பொருதும் திறத்தைக் கண்டு வியந்தார். பகைவரிடத்துக் கற்ற அவ்வித்தையையே பின்னர்க் களம் வகுப்பதிற் கையாண்டார். அவர் அமைத்த மணற்குழிகளும் மேடுகளும் இயற்கையே இட்டனபோலத் தோன்றும். 1907-ல் லீட்ஸ் நகரையடுத்த ஆல்வுட்லியில் தொடங்கிய அப்பணி, மெல்போர்னிலும் கலிபோர்னியாவின் சைப்ரஸ் முனையிலும் சிறந்தது. திறந்த வெளியில் ஆடுதல் மருந்தினும் நலந்தரும் என்பது அவர் துணிபு. நாமும் அதனை மறுக்கத் துணியோம். பாபி ஜோன்ஸ் என்னும் பெருவீரரோடு கூடி அமெரிக்காவின் அகஸ்டாவில் அவர் வகுத்த களத்தில் முதற் பெரும்பந்தயம் 1934-ம் ஆண்டு மார்ச்சு மாதம் நிகழ்ந்தது. பேசிய ஊதியம் முற்றும் கைக்கு வராத நிலையில், அவ்வாண்டு ஜனவரியிலேயே அவர் காலமாயினார்.