கண்ணாடித் தொழிலாளி கண்ட ஒளி நுட்பம்

கைத்தொழில் வேறு, சாஸ்திர ஞானம் வேறு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். அன்னார் ஜோசப் பிரான்ஹோபரின் சரித்திரத்தைச் சற்று நோக்குவார்களாக.

பவேரியா தேசத்து ஸ்ட்ராபிங் நகரில் 1787-ம் வருஷம் ஒரு கண்ணாடித் தொழிலாளியின் புத்திரராக அவர் பிறந்தார். பதினொரு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, மூனிக் நகரில் கண்ணாடித் தொழில் பழக அமர்ந்தார். எஜமானரோ, பையன் படிப்பதையே விரும்பவில்லை. 1801-ல் அவ்வீடு இடிந்து வீழ்ந்தது. இடிபாடுகளினின்று உயிருடன் மீண்ட சிறுவனுக்கு நாட்டை ஆண்ட மாக்ஸிமிலியன் ஜோசப் 18 பொற்காசுகள் அளித்தார். சிறுவன் அதைக் கொண்டு கண்ணாடி அறுக்கும் யந்திரம் ஒன்றை வாங்கினான், எஜமானரிடமிருந்தும் விடுபட்டான்.

பின்னர் ஒளிக் கருவித் தொழிற்சாலையில் சேர்ந்த பிரான்ஹோபர், 1814-ல் சூரிய ஒளியின் நிறமாலையில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கருங்கோடுகளைக் கண்டு குறித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

1821-ல் மெல்லிய கம்பிகளை நெருக்கமாக வரிசைப்படுத்தி, அவற்றின் இடையே ஒளியைச் செலுத்தினார். பின்னர் வைர முனையால் கண்ணாடியில் நுண்ணிய கோடுகளைக் கீறினார். இதுவே கிரேட்டிங் எனப்படும் கருவி. கோடுகளின் இடைவெளி குறையக் குறைய நிறங்கள் அகன்று பிரியும் என்பதைக் கண்டு, அவ்விடைவெளியைக் கொண்டே ஒளியின் அலை நீளத்தைக் கணக்கிட்டார்.

இன்னுமொன்றும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. நடு ஒளியின் இருபுறமும் தோன்றும் நிறமாலைகள் சம பிரகாசமாக இல்லை. ஒருபுறம் மிகுந்தும் மறுபுறம் குன்றியும் இருந்தன. கீறிய பள்ளத்தின் வடிவமே இதற்குக் காரணம் எனக் கருதினார். ஒளி எத்திசையில் செல்லும் என்பதை இடைவெளி சொல்லும்; அத்திசையில் எவ்வளவு ஒளி செல்லும் என்பதை அது மட்டும் சொல்லிவிடாது.

இக்கேள்வி எளிதில் தீரவில்லை. ஒளி விழும் கோணத்தைச் சிறிது மாற்றினாலும் சில நிறங்களின் பிரகாசம் திடீரென ஏறி இறங்குவதை 1902-ல் அமெரிக்கரான வுட் கண்டார். 1907-ல் ரேலி பிரபு அதற்குக் கணித விளக்கம் தேடினார். இன்று கம்ப்யூட்டர்கள் கோணம், அலை நீளம், பள்ளத்தின் வடிவம், அலை அதிரும் திசை ஆகிய அனைத்தையும் சேர்த்து, மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளின்படி கணக்கிடுகின்றன. கருவியைச் செய்யுமுன்னரே அதன் திறனை அறிந்துகொள்ள முடிகிறது.

க்ஷயரோகத்தால் பிரான்ஹோபர் 1826-ல், தமது 39-ம் வயதில் காலமானார். சர்வகலாசாலையில் பயின்றவரல்லர் அவர். கண்ணாடியைத் தேய்த்த கையே அளவுகோலையும் பிடித்தது. தொழிற்சாலையையும் கல்விச்சாலையையும் ஒன்றினின்று ஒன்று பிரித்து வைக்கும் நாடு இத்தகைய மனிதரை எங்ஙனம் பெறும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.