பிலிப் குணவர்தன: துறந்ததும் துறவாததும்

1942ஆம் ஆண்டு கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பி, பொலிஸாரால் தேடப்பட்டுவந்த சமசமாஜத் தலைவர்கள் வல்வெட்டித்துறையிலிருந்து படகேறி இந்தியக் கரையை அடைந்தனர். அவர்களுள் ஒருவர் பிலிப் குணவர்தன.

1901இல் அவிசாவளைக்கு அண்மையிலுள்ள பொரலுகொடவில், நிலவுடைமைப் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். முஸ்லிம்களுக்கு எதிரான 1915 கலவரத்தையடுத்து, இராணுவச் சட்டத்தின் கீழ் அவரது தந்தைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற பிலிப், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணனுடன் பயின்ற காலத்தில் மார்க்சியவாதியானார். பிரபுத்துவ வாழ்வு அவருக்கு அந்நியமாயிற்று.

யாழ்ப்பாணத்தின் அரசியலை அவர் அன்றே மதித்திருந்தார். 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுக் குடாநாடு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது, லண்டனிலிருந்து அதனைப் பாராட்டி எழுதினார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். மறு ஆண்டு அரசாங்க சபைக்குத் தெரிவானதும், நீதிமன்றங்களும் பொலிஸ் நிலையங்களும் சாதாரண மக்களின் தாய்மொழியில் இயங்க வேண்டுமென என்.எம். பெரேராவுடன் இணைந்து குரலெழுப்பினார். தாய்மொழி என்று அவர்கள் கருதியது சிங்களத்தையும் தமிழையுமே.

1956இல் நிலைமை தலைகீழாக மாறியது. பண்டாரநாயக்கவின் கூட்டணியில் விவசாய, உணவு அமைச்சரான பிலிப், சம அந்தஸ்துக் கொள்கையைக் கைவிட்டுத் தனிச் சிங்களச் சட்டத்தை ஆதரித்தார். அதே அமைச்சர்தான் 1958இல் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து, குத்தகை விவசாயிக்கு நிலத்தில் பாதுகாப்பும் குத்தகைக்கு உச்சவரம்பும் பெற்றுக்கொடுத்தார். நிலவுடைமையாளரின் மைந்தன் தம் வர்க்கத்தின் நலனுக்கு எதிராகவே சட்டமியற்றிய அரிய நிகழ்வு அது. அமைச்சரவையில் எழுந்த எதிர்ப்பினால் 1959இல் பதவி துறந்தார். 1965இல் டட்லி சேனாநாயக்கவின் அரசில், தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வமும் இடம்பெற்ற அமைச்சரவையில், கைத்தொழில் அமைச்சராக அமர்ந்தார். 1972 மார்ச்சில் காலமானார்.

பிறப்பால் வந்த செல்வச் சலுகையைத் துறக்கும் துணிவு அவருக்கு இருந்தது. பெரும்பான்மை இனத்தில் பிறந்ததால் வந்த சலுகையைத் துறக்கும் துணிவோ, அதிகாரம் கைக்கெட்டிய வேளையில் இல்லாது போயிற்று. தென்னிலங்கை இடதுசாரிகள் மீது தமிழ் பேசும் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை தளரத் தொடங்கியதும் அங்குதான். சமத்துவம் பேசி வாக்குக் கேட்டு வடக்கு, கிழக்குக்கு வரும் எவரும் இவ்வரலாற்றைக் கற்றாக வேண்டும். வாக்களிக்கும் நாமும் அதனை மறந்துவிடலாகாது.