கம்பியின்றி நகர்ந்த படகு

1898ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள மேடிசன் ஸ்குவேர் கார்டன் என்னும் அரங்கில் மக்கள் திரண்டிருந்தனர். அரங்கினுள் நீர் நிரப்பிய பெரிய தொட்டி ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதில் ஏறத்தாழ நான்கு அடி நீளமுள்ள ஓர் இரும்புப் படகு மிதந்தது. படகில் ஆள் எவரும் இல்லை. அதனோடு எந்தக் கயிறும் கம்பியும் இணைக்கப்படவில்லை. தொட்டியிலிருந்து சற்றுத் தள்ளி, உயரமான, மெலிந்த மனிதர் ஒருவர் ஒரு பெட்டியின் அருகே நின்றிருந்தார். அவர் பெட்டியிலிருந்த கைப்பிடியைத் திருப்பினார். படகு நகர்ந்தது. மீண்டும் திருப்பினார். படகு வளைந்து சென்றது. அதன் மேலிருந்த சிறு விளக்குகள் எரிந்து அணைந்தன.

கூட்டத்தினர் வாயடைத்துப் போயினர். அக்காலத்தில் வானொலி நிலையம் கிடையாது; தொலைக்காட்சியும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அலைகள் காற்றுவெளியில் பயணம் செய்கின்றன என்பதை அறிவியலாளர்கள் மெய்ப்பித்தே பத்து ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. ஆகவே, இது மந்திரமோ மாயமோ என்று பலர் ஐயுற்றனர். ஆனால், அந்தப் படகில் மந்திரம் எதுவும் இல்லை. அதற்குள் இருந்தவை மின்கலம், மோட்டார், கடிகாரப் பொறி, ஒரு சிமிழ் உலோகத் துகள் ஆகியவையே. அவற்றை இணைத்து இயங்கச் செய்தவர் நிக்கோலா டெஸ்லா.

டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஸ்மில்யான் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த அவ்வூர் இன்று குரோவேசியா நாட்டில் உள்ளது. தந்தையார் செர்பிய மரபுவழித் திருச்சபையின் பாதிரியார். தாயார் பள்ளி சென்று படிக்காதவர்; ஆயினும், வீட்டு வேலைக்குத் தேவையான கருவிகளைத் தம் கையாலேயே வடிவமைத்துச் செய்துகொள்ளும் திறமை பெற்றவர். தம்முடைய கண்டுபிடிக்கும் ஆற்றல் தாயிடமிருந்தே வந்தது என்று டெஸ்லா பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

சிறுவன் நிக்கோலாவின் கைகள் சும்மா இருந்ததில்லை. ஓடையில் சுழலும் நீர்ச்சக்கரம் செய்தான். வண்டுகளை ஒட்டிச் சிறு காற்றாடியைச் சுழல வைத்தான். தாத்தாவின் கடிகாரங்களைக் கழற்றிப் பார்ப்பதில் அவனுக்கு அளவற்ற ஆசை. கழற்றுவதில் ஒவ்வொரு முறையும் வெற்றி பெற்றான். திரும்பப் பூட்டுவதில்தான் பெரும்பாலும் தோற்றான். ஒரு பொறியைப் பிரிப்பது எளிது, அதை மீண்டும் ஓடச் செய்வதே கடினம் என்ற பாடத்தை அவன் அங்கேயே கற்றுக்கொண்டான்.

மகன் தம்மைப் போலவே பாதிரியார் ஆக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனுக்கோ பொறியியலில் நாட்டம். இந்நிலையில், பள்ளிப் படிப்பை முடித்த டெஸ்லா காலரா நோய்க்கு ஆளாகிப் பல மாதங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிழைப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. பொறியியல் படிக்க அனுமதித்தால் தாம் குணமடையக்கூடும் என்று அவர் தந்தையாரிடம் கூறினார். தந்தையாரும் மனமிரங்கி வாக்களித்தார். டெஸ்லா உடல் தேறினார். 1875ஆம் ஆண்டு கிராட்ஸ் நகரிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே வகுப்பில் ஒரு மின்பொறியை இயக்கிக் காட்டினர். அது சுழலும்போது தீப்பொறிகள் சிதறின. அந்தக் குறையை நீக்க முடியும் என்று டெஸ்லா கருதினார். அது நடக்காத காரியம் என்று பேராசிரியர் வகுப்பிலேயே விளக்கினார். டெஸ்லா அந்தச் சிக்கலை மறக்கவில்லை. பல ஆண்டுகள் அதை மனத்தில் சுமந்து திரிந்தார். 1882ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பரோடு உலாவிக்கொண்டிருந்தபோது அதற்கு விடை பளிச்சிட்டது. மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டு சுழலும் காந்தப் புலத்தை உருவாக்கினால், தீப்பொறி இல்லாமலே மோட்டாரைச் சுழல வைக்கலாம் என்பதே அந்த விடை.

1884ஆம் ஆண்டு டெஸ்லா நியூயார்க் வந்து சேர்ந்தார். சில மாதங்கள் தாமஸ் எடிசனின் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் அங்கிருந்து விலகினார். வயிற்றுப் பிழைப்புக்காகக் கூலிக்குக் குழி தோண்டும் வேலையும் செய்தார். எனினும், மனம் தளரவில்லை. 1888ஆம் ஆண்டு அவருடைய மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் தொழிலதிபர் அதைப் பயன்படுத்த முன்வந்தார். 1896ஆம் ஆண்டு நயாகரா நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம், டெஸ்லாவின் முறைப்படி பஃபலோ நகரைச் சென்றடைந்தது.

அதற்கு முந்திய ஆண்டில் அவருக்குப் பேரிடி ஒன்று விழுந்திருந்தது. 1895ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் விடியற்காலையில் அவருடைய ஆய்வுக்கூடம் தீப்பற்றி எரிந்தது. பல ஆண்டு உழைப்பில் உருவான கருவிகளும் மாதிரிகளும் குறிப்புகளும் சாம்பலாயின. வேறொருவராயின் முடங்கிப் போயிருப்பார். டெஸ்லா சில மாதங்களுக்குள் ஹூஸ்டன் தெருவில் புதிய ஆய்வுக்கூடத்தை அமைத்தார். இரும்புப் படகு பிறந்தது அந்த ஆய்வுக்கூடத்தில்தான்.

அக்காலத்தில் பிற ஆய்வாளர்கள் கம்பியில்லாத் தந்தி முறையில் செய்தி அனுப்ப முயன்றுகொண்டிருந்தனர். டெஸ்லாவின் எண்ணமோ வேறு வழியில் ஓடியது. மனிதன் கண்ணால் காண்கிறான், காதால் கேட்கிறான், அதற்கேற்பச் செயல்படுகிறான். அதுபோலவே, வெளியிலிருந்து வரும் அலையை உணர்ந்து, அதற்கேற்ப இயங்கும் பொறி ஒன்றை ஏன் உருவாக்கக் கூடாது? அலை வெறும் செய்தியாக வந்து நிற்காமல், ஒரு பொருளை வேலை செய்ய வைக்க வேண்டும். இதுவே அவருடைய நோக்கம்.

படகினுள் மின்கலங்களை வைத்தார். படகை உந்திச் செல்லும் விசிறியைச் சுழற்ற ஒரு மோட்டார். சுக்கானைத் திருப்ப மற்றொரு மோட்டார். இவற்றை இயக்கும் ஆற்றல் படகிலேயே இருந்தது. வெளியிலிருந்து வந்த அலை ஒரு கட்டளை மட்டுமே. மாட்டு வண்டியை இழுப்பது மாடு. போக வேண்டிய வழியைச் சொல்வது வண்டிக்காரரின் குரல். படகில் மாடாக இருந்தது மின்கலம். குரலாக இருந்தது வானலை.

அந்த மெல்லிய குரலைக் கேட்கும் காதை உருவாக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. படகின் மேல் உயர்ந்து நின்ற கம்பி அலையை வாங்கியது. அங்கிருந்து அது ‘கொஹீரர்’ எனப்படும் உணர்கருவிக்குச் சென்றது. அது உலோகத் துகள்கள் அடைக்கப்பட்ட ஒரு சிறு சிமிழ். சாதாரண நேரத்தில் அத்துகள்களின் வழியே மின்சாரம் எளிதில் பாயாது. வானலை வந்து தாக்கியதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடனே மின்சாரம் பாயும். மோட்டாரை இயக்கும் பொத்தான் அழுத்தப்பட்டதற்கு அது ஒப்பாகும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒட்டிக்கொண்ட துகள்கள் அலை நின்ற பின்னும் பிரிவதில்லை. ஆகவே, முதல் கட்டளையைக் கேட்ட காது இரண்டாம் கட்டளைக்குச் செவிடாகிவிடும். துகள்களைப் பிரிக்கச் சிமிழைத் தட்ட வேண்டும். அல்லது அசைக்க வேண்டும். ஆளில்லாத படகில் அதை யார் செய்வது? டெஸ்லா இதற்குக் கடிகாரப் பொறியைத் துணைக்கு அழைத்தார். ஒவ்வொரு கட்டளை வந்ததும் அப்பொறி விடுபட்டு, சிமிழைத் தலைகீழாகப் புரட்டும். துகள்கள் சரிந்து பிரியும்; அடுத்த அலைக்குக் காது தயாராகிவிடும். சிறுவயதில் திரும்பப் பூட்ட முடியாமல் திணற வைத்த அதே கடிகாரச் சக்கரங்கள், இப்போது அவருக்குக் கைகொடுத்தன.

அடுத்த சிக்கல் கட்டளைகளைப் பற்றியது. அலை ஒரே வகையானது. ஆனால், இடப்பக்கம் திரும்பு, நேராகப் போ, வலப்பக்கம் திரும்பு எனப் படகு பல வேலைகள் செய்ய வேண்டும். டெஸ்லா படகினுள் சுழலும் இணைப்பி ஒன்றை அமைத்தார். ஒவ்வொரு முறை அலை வரும்போதும் அது ஒரு படி நகரும். ஒவ்வொரு படியிலும் ஒரு வேலைக்கான மின்சுற்று இணையும். இயக்குபவர் எத்தனை முறை அலை அனுப்புகிறார் என்பதைப் பொறுத்துப் படகு எதைச் செய்யும் என்பது முடிவாகும்.

மேடிசன் ஸ்குவேர் கார்டனில் டெஸ்லா பார்வையாளர்களிடம் விளையாட்டாகக் கேள்வி கேட்கச் சொன்னார். படகு விளக்குகளைச் சிமிட்டி விடை கூறியது. மக்கள் படகே சிந்திக்கிறது என்று வியந்தனர். அந்த வியப்பைத் தமக்குச் சாதகமாக்கிப் பெயர் தேடிக்கொள்ள டெஸ்லா விரும்பவில்லை. விடை கூறியது படகு அன்று, கருவியின் மூலம் தாமே விடையளித்ததாகப் பின்னர் தம் எழுத்தில் வெளிப்படையாகவே தெரிவித்தார்.

1898ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார். இப்படி ஒரு பொறி இயங்கும் என்பதைக் காப்புரிமை அலுவலகத்தாரால் எளிதில் நம்ப முடியவில்லை. தலைமை ஆய்வாளர் நேரில் வந்து படகு ஓடுவதைக் கண்ட பிறகே இசைவளித்தார் என டெஸ்லா எழுதியுள்ளார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் 613809 என்ற எண்ணுடன் காப்புரிமை வழங்கப்பட்டது.

வெற்றி பெற்ற பின்னும் படகின் குறையை டெஸ்லா மறந்துவிடவில்லை. அருகில் வேறு எவரேனும் வானலையை எழுப்பினால், படகு அதையும் கட்டளை என்று எண்ணிவிடும். இணைப்பி ஒரு படி கூடுதலாக நகர்ந்துவிட்டால், அடுத்து வரும் கட்டளைகள் எல்லாம் குழம்பிவிடும். இடப்பக்கம் திரும்ப வேண்டிய படகு வலப்பக்கம் திரும்பும். இதைத் தவிர்க்க அவர் ஒரு வழி கண்டார். வெவ்வேறு அதிர்வெண் கொண்ட இரண்டு அலைகளை அனுப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டுமே பொறி இயங்க வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் அது அசையக் கூடாது. இரண்டு சாவிகள் இருந்தால் மட்டுமே திறக்கும் பெட்டகத்தைப் போன்றது இது. இம்முறைக்கான காப்புரிமைகள் 1903ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்தன.

இத்தனை உழைத்தும் படகை வாங்க எவரும் முன்வரவில்லை. அதன் பயனை அதிகாரிகளுக்கு எடுத்துரைத்தபோது, ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார் என்று டெஸ்லா பின்னாளில் வருத்தத்துடன் எழுதினார். காப்புரிமைக் காலம் முடியும்வரை அந்தக் கண்டுபிடிப்பால் அவருக்குப் பொருள் சேரவில்லை. பிறகு அவர் உலகம் முழுவதற்கும் கம்பியின்றிச் செய்தியும் மின்சாரமும் அனுப்பும் கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பணம் கிடைக்காததால் அப்பணி நின்றுபோனது. 1917ஆம் ஆண்டு அக்கோபுரம் இடிக்கப்பட்டது.

இறுதிக் காலத்தில் டெஸ்லா நியூயார்க்கில் தங்கும் விடுதியின் அறையில் தனியாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்குப் புறாக்களே துணையாக இருந்தன. 1943ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், தம் 86ஆம் வயதில் அவர் காலமானார். 1960ஆம் ஆண்டு காந்தப் புலத்தின் செறிவை அளக்கும் அலகுக்கு ‘டெஸ்லா’ எனப் பெயரிட்டு அறிவியல் உலகம் அவரைப் போற்றியது.

இன்று ஏரிக்கரையில் நின்று மாதிரிப் படகை ஓட்டும் சிறுவர்கள் பலர் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் கருவி தன் படகுக்கு மட்டுமே கட்டளையிடுகிறது. பக்கத்தில் பத்துப் பேர் படகு ஓட்டினாலும் ஒன்றின் கட்டளை மற்றொன்றைக் குழப்புவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாளக் குறியீடு இருப்பதே அதற்குக் காரணம். பிறர் கட்டளைக்குப் பொறி மயங்கக் கூடாது என்று டெஸ்லா அன்று பட்ட கவலை, இன்று அச்சிறுவர்களின் கையில் தீர்வாக அமைந்திருக்கிறது. வானில் பறக்கும் ஆளில்லா விமானமும், செவ்வாய்க் கோளில் ஊர்ந்து செல்லும் ஆய்வூர்தியும் தொலைவிலிருந்து வரும் அலைகளின் கட்டளையை ஏற்றே பணிபுரிகின்றன. அவற்றின் முன்னோடி, தீயில் அனைத்தையும் இழந்த ஒருவர் மூன்றே ஆண்டுகளில் தொட்டி நீரில் மிதக்கவிட்ட அந்தச் சிறிய இரும்புப் படகே ஆகும்.