புளிப்பை அளந்த விவசாயி மகன்

வட சென்னையில், திருவொற்றியூரை அடுத்து இருக்கிறது விம்கோ நகர். ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரே அந்த ஊருக்கும் பெயர் ஆகிவிட்டது.

அதற்கு வடக்கே, காட்டுப்பள்ளி கடற்கரையில் ஒரு பெரிய ஆலை இருக்கிறது. அது கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலை. 2010-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர் தரும் அளவுக்குக் கட்டப்பட்டது. வட சென்னைக்குத் தண்ணீர் தருவதற்காக அது அமைக்கப்பட்டது.

உப்பு நீக்கிய தண்ணீர் மிகவும் சுத்தமானது. ஆனால், அதை அப்படியே குழாயில் விடக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து இராது. லேசான புளிப்புத் தன்மை இருக்கும். குழாயை மெல்ல மெல்ல அரித்துவிடும். ஆகவே, இத்தகைய ஆலைகளில் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்து, புளிப்பைச் சரிக்கட்டிய பிறகே தண்ணீரை ஊருக்கு அனுப்புவார்கள்.

அந்தப் புளிப்பை எப்படி அளப்பது? நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியாது. அதற்கு என்று ஓர் அளவு கோல் இருக்கிறது. பி.எச். என்று அதற்குப் பெயர்.

அதை உலகத்துக்குத் தந்தவர், டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன்.

விவசாயி மகன்

டென்மார்க்கில் ஹாவ்ரபியர்க் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயியின் வீட்டில், 1868-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி சோரன்சன் பிறந்தார்.

18-வது வயதில் தலைநகரமான கோபன்ஹேகனுக்குப் போனார். பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். டாக்டர் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

ஆனால், அங்கே யோர்கன்சன் என்ற ரசாயனப் பேராசிரியர் இருந்தார். அவரிடம் பாடம் கேட்ட சோரன்சனுக்கு, மருத்துவத்தைவிட ரசாயனத்தின் மீதே ஆசை பிறந்தது. வைத்தியப் படிப்பை விட்டார். ரசாயனம் படித்தார். 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால், அது நோய் தீர்க்கும் டாக்டர் பட்டம் அல்ல. ஆராய்ச்சிக்குக் கிடைத்த டாக்டர் பட்டம்!

பீர் ஆலையில் ஆராய்ச்சி

கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் என்ற பெரிய பீர் தொழிற்சாலை இருந்தது. அதன் முதலாளி யாக்கப்சன், 1875-ல் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்தார்.

அவர் ஓர் அபூர்வமான முதலாளி. பொதுவாக, கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பூட்டி வைப்பார்கள். இவரோ, இங்கே கண்டு பிடிக்கும் எதையும் ரகசியமாக வைக்கக் கூடாது என்று விதி செய்துவிட்டார்.

1900-ல், அங்கே ரசாயனப் பகுதித் தலைவராக இருந்த ஜெல்டால் இறந்து போனார். அடுத்த ஆண்டு, அந்தப் பதவி சோரன்சனுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33. அதன்பின் 1938 வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

சைபர் படுத்திய பாடு

தானியம் நொதிப்பதற்கு, நொதிகள் என்ற பொருள்கள் வேலை செய்ய வேண்டும். நம் வீட்டு மாவு புளிப்பதற்கும், நாம் சாப்பிட்ட சோறு செரிப்பதற்கும் நொதிகள்தான் காரணம்.

இந்த நொதிகள் மிகவும் முரண்டு பிடிக்கும். புளிப்பு கொஞ்சம் கூடினாலும் வேலை நிற்கும். குறைந்தாலும் நிற்கும். ஆகவே, புளிப்பைச் சரியாக அளந்தால்தான் ஆராய்ச்சியே நடக்கும்.

புளிப்பைத் தருவது ஹைட்ரஜன் அயனி என்ற மிக நுண்ணிய துகள். சுத்தமான தண்ணீரில், ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஹைட்ரஜன் அயனி இருக்கிறது தெரியுமா? ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு!

இதை எண்ணில் எழுதினால், 0.0000001 என்று வரும். ஒரு சைபர் விட்டுப் போனாலும் கணக்கு பத்து மடங்கு தப்பிவிடும்.

சோரன்சன் ஒரு சுலபமான வழி கண்டார். கோடிக்கு 7 சைபர். ஆகவே, கோடியில் ஒரு பங்குக்கு 7 என்று எண் கொடுத்தார். லட்சத்துக்கு 5 சைபர். லட்சத்தில் ஒரு பங்குக்கு எண் 5. நூற்றில் ஒரு பங்குக்கு எண் 2. இதுதான் பி.எச். அளவு! 1909-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்.

கோடியில் ஒரு பங்கைவிட நூற்றில் ஒரு பங்கு பெரியது அல்லவா? ஆகவே, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஓர் எண் இறங்கினால், புளிப்பு 10 மடங்கு ஏறும். இரண்டு எண் இறங்கினால் 100 மடங்கு!

எலுமிச்சம் பழச் சாறு ஏறக்குறைய 2. நம் ரத்தம் 7.4. கடல் தண்ணீர் சுமார் 8. ஏழுக்கு மேல் போனால், அது காரம்.

மின்சாரத்தைக் கொண்டு அளக்கும் முறை, சாயத்தின் நிறத்தைப் பார்த்து அளக்கும் முறை ஆகிய இரண்டையும் சோரன்சன் விளக்கினார். ரகசியம் கூடாது என்ற விதி இருந்ததால், உலகமே அதை எடுத்துக் கொண்டது.

1934-ல் அமெரிக்காவில் பெக்மன் என்பவர், எலுமிச்சைச் சாற்றைச் சோதிப்பதற்காக, பி.எச். அளக்கும் மின்னணுக் கருவியைச் செய்தார்.

சோரன்சனின் மனைவி மார்கரெத்தும் ஆராய்ச்சியில் அவருக்குத் துணையாக இருந்தார். ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 1939 பிப்ரவரி 12-ந் தேதி, சோரன்சன் காலமானார். அப்போது அவருக்கு வயது 71.

செம்புக் குடமும் புளியும்

செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கிறது. ஏன்? களிம்பைப் புளி கரைத்து விடுகிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக் குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டிமார் சொல்வதும் இதனால்தான்.

பி.எச். குறைந்த தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். செம்பு, ஈயம் முதலியவற்றை மெதுவாகக் கரைக்கும். வெந்நீர் என்றால் இன்னும் வேகம்.

அமெரிக்காவில் பிளின்ட் என்ற நகரத்தில், 2014-ல் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். குழாயை அரிக்காதபடி அதைப் பக்குவம் செய்யவில்லை. பழைய குழாய்களில் இருந்த ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது.

வெந்நீர்த் தொட்டி

பெரிய ஓட்டல்களிலும், வசதி உள்ள சில வீடுகளிலும், மூழ்கி உட்காரும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. ஒரே தண்ணீரைக் குளோரின் போட்டுப் பல நாள் வைத்திருப்பார்கள். சில வகைக் குளோரின் வில்லைகள் புளிப்பைக் கூட்டும்.

தொட்டியின் பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் கண் எரியும். தோல் அரிக்கும். தண்ணீர் சுட வைக்கும் கம்பி பழுதாகும். நீச்சல் குளத்துக்கும் இதே கணக்குத்தான்.

சரி செய்வது சுலபம். முதலில் சோதனைத் தாளை நனைத்து, நிறத்தைப் பாருங்கள். தண்ணீரின் காரத் தாங்கு சக்தியையும் பாருங்கள். அது லிட்டருக்கு 80 முதல் 120 மில்லி கிராம் வரை இருப்பது நல்லது. குறைவாக இருந்தால், சமையல் சோடா போதும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 17 கிராம் போட்டால், தாங்கு சக்தி சுமார் 10 மில்லி கிராம் ஏறும்.

தாங்கு சக்தி சரியாக இருந்து, பி.எச். மட்டும் குறைந்திருந்தால், சலவைச் சோடாவைச் சிறிதளவு சேர்க்கலாம். எதையும் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். மோட்டாரை ஓட விட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஒரே நாளில் அள்ளிக் கொட்டக் கூடாது. குளோரின் மருந்தோடு எந்தத் திராவகத்தையும் கலக்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.

குடிக்கிற தண்ணீர் வேறு விஷயம். அதன் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். குறைந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், நீங்களாகவே சோடாவைக் கொட்டாதீர்கள். ஆய்வுக் கூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள்.

சோதனைத் தாளில் ஓர் எண் வரும். அந்த எண்ணைத் தந்தவர், டாக்டர் ஆகப் போய் ரசாயனம் படித்த விவசாயி மகன் சோரன்சன்தான்!