நம் ராமானுஜன் எந்த ராமானுஜன்?

நம் தரமணியில் ராமானுஜன் என்பது ஒரு இறங்குமிடம். ராஜீவ் காந்தி சாலையில் இருக்கும் ராமானுஜன் ஐ.டி. சிட்டியைத்தான் எல்லோரும் அப்படிச் சுருக்கிச் சொல்கிறோம். ஷேர் ஆட்டோக்காரர், சாப்பாடு கொண்டுவரும் டெலிவரித் தம்பி, இரவு ஷிஃப்ட் முடிந்து கேப்புக்குக் காத்திருப்பவர் என்று எல்லோர் வாயிலும் நாள் முழுக்கப் புழங்கும் பெயர் அது. ஆனால் அந்தப் போர்டில் இருப்பது யார் என்று வீட்டுக் குழந்தை கேட்டால் சிலர் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரைச் சொல்கிறார்கள். சிலர் கணக்கு மேதை என்ற ஒரு வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள். டிசம்பர் 22 தேசிய கணித தினம். அந்த மனிதரின் கதையை அவருடைய பெயரை வைத்தே சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ராமானுஜன் என்றால் ராமனுக்குத் தம்பி, அதாவது லட்சுமணன். 11-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த வைணவ ஆசாரியர் ராமானுஜரால் இந்தப் பெயர் வைணவக் குடும்பங்களில் நிலைத்தது. அந்த வழக்கப்படி பெயர் பெற்ற எத்தனையோ குழந்தைகளில் ஒருவர்தான் 1887 டிசம்பர் 22, வியாழக்கிழமை ஈரோட்டில் தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தவர். அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர், நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் பெரும் பக்தி கொண்டவர். கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ள சின்ன வீட்டில் பிள்ளை வளர்ந்தான்.

டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போதே கணக்கில் வாத்தியார்களைத் திணற வைத்தான். 1903-ல் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காக சுமார் 5,000 கணித முடிவுகளை வரிசையாக அடுக்கிய புத்தகம் அது. பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் இருக்காது. விட்டுப்போன நிரூபணங்களைத் தானே கண்டுபிடிப்பது 15 வயதுப் பையனுக்கு விளையாட்டானது. விளையாட்டு முற்றி, புத்தகத்தில் இல்லாத முடிவுகளும் வரத் தொடங்கின. அவற்றை நோட்டுகளில் எழுதிவைத்தான்.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர் கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் உதவித்தொகையை இழந்தார். வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பினார். 1906-ல் சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் ஜானகியோடு கல்யாணமும் ஆனது. ஜானகிக்கு அப்போது 10 வயதுதான்.

பிழைக்க ஒரு வேலை தேடி அலைந்த அந்த நாட்களில் கைகொடுத்த இருவர் பெயரிலும் ராமன் இருப்பது ஒரு வேடிக்கை. முதலாமவர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய டெபுடி கலெக்டர். திருக்கோவிலூரில் இருந்த அவரிடம் நோட்டைக் காட்டியபோது இவருக்குத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலை போட்டுக்கொடுத்து அறிவைப் பாழாக்கக் கூடாது என்று நினைத்தார். சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். இரண்டாமவர் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். வந்த இளைஞன் பேசும் கணக்கு முழுதும் தமக்குப் பிடிபடாவிட்டாலும் சரக்கு உள்ளவன் என்று உணர்ந்து, தம் கைக்காசில் சிறிது காலம் உதவினார். 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரை இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். இருவரும் மாலையில் சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். காகிதம் வாங்கக் காசு போதாமல் ராமானுஜன் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறிப்பார். வழிமுறை தெரியாமல் முடிவு மட்டும் நமக்குக் கிடைத்ததற்கு இந்த ஏழ்மையும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டிக்கு ஒரு கடிதம் போனது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள். ஹார்டி முதலில் ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்பட்டார். அன்றிரவே லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்து, எழுதியவர் பெரும் மேதை என்ற முடிவுக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கடல் கடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு தடையாக நின்றது. நாமகிரித் தாயார் கனவில் வந்து வழிவிடச் சொன்னதாக அம்மா கூறி அனுமதித்தார். 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார்.

இனிதான் பெயர்க் கதை சூடுபிடிக்கிறது. நம் வழக்கப்படி அவர் எஸ். ராமானுஜன். எஸ் என்பது அப்பா பெயர் சீனிவாசனின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. மேல்நாட்டில் எல்லோருக்கும் முன்னால் ஒரு பெயர், பின்னால் ஒரு குடும்பப் பெயர் வேண்டும். எனவே இனிஷியல் விரிந்து சீனிவாச ராமானுஜன் ஆனார். இன்றும் வெளிநாட்டில் சீனிவாசா என்பதே அவருடைய சொந்தப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கெழுதிய ஒரு அப்பாவின் பெயர், மகனின் இனிஷியலில் ஏறி உலகம் சுற்றிவிட்டது.

கேம்பிரிட்ஜில் ஐந்து வருடங்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சைவச் சாப்பாட்டுக்கு வழியில்லை, தானே சமைத்துக்கொண்டார். குளிரும் தனிமையும் சேர்ந்து 1917-ல் படுக்கையில் தள்ளின. ஆனால் வேலை நிற்கவில்லை. ஹார்டியோடு சேர்ந்து செய்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? விடை 3,972,999,029,388, அதாவது கிட்டத்தட்ட 3,97,300 கோடி. ஒவ்வொன்றாக எழுதி எண்ணவே முடியாத இந்த எண்ணிக்கையைச் சூத்திரத்தால் நெருங்கும் வழியை இருவரும் 1918-ல் வெளியிட்டார்கள். அதில் கையாண்ட உத்தி எண் கணிதத்தில் இன்றும் பெரிய ஆயுதம்.

நோயுற்றுக் கிடந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729 சுவாரசியம் இல்லாதது என்று பேச்சுக்குச் சொன்னதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அது என்று படுக்கையிலிருந்தே ராமானுஜன் பதில் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1-இன் கனமும் 12-இன் கனமும் கூட்டினாலும் 1729, 9-இன் கனமும் 10-இன் கனமும் கூட்டினாலும் 1729. அதே 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவான முதல் இந்தியரும் அவரே.

1919-ல் ஊர் திரும்பினார். உடம்பு தேறவில்லை. கொடுமுடி, கும்பகோணம் என்று மாற்றிப் பார்த்துவிட்டுச் சென்னை சேத்துப்பட்டுக்கு வந்தார்கள். கடைசி மாதங்களிலும் படுக்கையில் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று காலமானார். வயது 32. அந்தக் கடைசிக் காகிதங்களை 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். 21 வயதில் கணவரை இழந்த ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்து 1994-ல் மறைந்தார்.

இந்தக் கதையில் தரமணிக்கும் ஒரு இழை உண்டு. நம் சி.ஐ.டி. வளாகத்தில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தை 1962-ல் தொடங்கிவைத்தவர் விண்வெளி இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர். அதற்குப் பல வருடங்களுக்கு முன், 1936-ல் இந்தியா வந்தபோது, ஹார்டிக்காக ராமானுஜனின் நல்ல படம் ஒன்றைத் தேடி ஜானகி அம்மாளைச் சந்தித்தவரும் அவர்தான். கிடைத்தது பாஸ்போர்ட் படம். அந்த உற்றுப் பார்க்கும் கண்களை நாம் இன்று அறிவது அதனால்தான். சந்திரசேகருக்கும் இதே பெயர்க் கதை. எஸ் என்பது அப்பா சுப்பிரமணியன். சந்திரசேகர் என்பது தாத்தா பெயர். சித்தப்பா சர் சி.வி. ராமன் பெயரில் முன்னால் நிற்கும் சி-யும் அதே தாத்தாதான்.

கவனித்துப் பாருங்கள். நியூட்டன், காஸ், ஆய்லர் எல்லாம் குடும்பப் பெயர்கள். ராமன் விளைவு, சந்திரசேகர் வரம்பு, ராமானுஜன் எண் மூன்றும் பெற்றவர்கள் பிள்ளைக்குச் சூட்டிய பெயர்கள். குடும்பப் பெயர் வாரிசுகளுக்கு மட்டும் போகும். சூட்டிய பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சி.பி. ராமானுஜம். கடைசி எழுத்து மட்டும் ‘ன்’ இல்லை, ‘ம்’. 1938-ல் சென்னையில் பிறந்து லயோலாவில் படித்து மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர். அவரும் கணித மேதை. ஹார்டியும் ராமானுஜனும் தொடங்கிவைத்த அதே உத்தியைத் தம் ஆரம்ப ஆராய்ச்சியில் எடுத்தாண்டவர். கொடைரா என்ற ஜப்பானியரின் பெயரோடு சேர்த்து அவர் பெயரில் ஒரு தேற்றமே இருக்கிறது. வெளியே பலர் அவரைக் கேள்விப்பட்டதில்லை, கேட்டாலும் முன்னவர் என்றே நினைத்துக்கொள்வார்கள். நோயோடு போராடி 1974-ல் 36 வயதில் மறைந்தார். இன்னொருவர் ஏ.கே. ராமானுஜன். 1929-ல் மைசூரில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கவிஞர், சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்குக் கொண்டுபோனவர். அவருடைய அப்பா கணிதப் பேராசிரியர் என்பது இன்னொரு பொருத்தம்.

ஆக, ஒரே பெயரில் ஒரு ஆசாரியர், ஒரு கவிஞர், இரண்டு கணித மேதைகள். நம் போர்டில் இருப்பவர் எஃப்.ஏ. தேறாத துறைமுகக் குமாஸ்தா. அவர் பெயரால் வழங்கும் ராமானுஜன் கிராஃப் என்ற அமைப்பு, குறைந்த இணைப்புகளில் வலுவான நெட்வொர்க்கை எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு உதவுகிறது. அந்த ஐ.டி. சிட்டிக்குள் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அது அந்நியமான விஷயம் இல்லை.

நம் பக்கத்து வீடுகளிலும் பரீட்சையில் ஒரு பாடத்தில் மட்டும் பிரமாதமாகவும் மற்றவற்றில் சுமாராகவும் மார்க் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் நோட்டைப் பிரித்துப் பார்க்க ஒரு ராமசாமி ஐயரும், புரியாவிட்டாலும் கைகொடுக்க ஒரு ராமச்சந்திர ராவும் கிடைக்காமல் போயிருந்தால் அந்த ராமானுஜனே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். அந்த இருவர் பெயரில் போர்டு இல்லை. அந்த வேலையை நம் குடியிருப்பில் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அடுத்த முறை ஷேர் ஆட்டோவில் பிள்ளைகளோடு அந்த வாசலைத் தாண்டும்போது 1729 கதையைச் சொல்லுங்கள். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் கூட்டிப்போகவும் செய்யலாம்.